சேத்தூர்த் தெருவில் எட்டு மொட்டை லாரிகள்

இரண்டு பெட்டி, ஒரு தூக்குவாளி, தொட்டில் சேலை, வசம்பு போட்டு வைத்த டப்பா. எல்லாம் வாசலுக்குப் போய்விட்டன. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நான் மட்டும் நடுவீட்டில் நின்றுகொண்டிருந்தேன். புறப்படத் தயாரானவள் உட்காரக் கூடாது என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். யாரென்று தெரிந்தால் இன்றைக்கும் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்பேன்.

வாசலில் அப்பா நின்றார். பட்டாளத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரு கண் வாட்சில், ஒரு கண் தெருமுனையில்.

"நல்ல நேரம் முடியப்போவுது. எங்கட்டி உம் புருசன்?"

'மாப்பிள்ளை' என்ற சொல் அவர் வாயில் வந்து மாசக்கணக்காகியிருந்தது.

வாசல் ஓரத்தில் என் மாமியார் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தார். என்னையும் பிள்ளையையும் ராஜபாளையத்துக்கு அழைத்துப் போக விடிகாலையிலேயே வாடகைக் கார் பிடித்து வந்தவர். "வந்துருவான் அண்ணே. நேரா இங்கதான் வாரேன்னு சொல்லி விட்டுருக்கான்" என்று அவர் சொன்னது அது எத்தனையாவது தடவையோ.

அப்போதுதான் தெரு அதிர்ந்தது. ஓட்டுக்கூரையில் உட்கார்ந்திருந்த காக்கைகள் எல்லாம் பறந்தன. நான் ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். தலையில் துண்டு, கண்ணில் தோல் வைத்த கண்ணாடி, முகமெல்லாம் புழுதி. உடம்பே இல்லாத ஒரு லாரியின் மேல் உட்கார்ந்து என் வீட்டுக்காரர் தெருவுக்குள் வந்துகொண்டிருந்தார்.

அதுகூடப் பரவாயில்லை. அவருக்குப் பின்னால் இன்னொன்று வந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று.

எத்தனை டன் என்று கேட்பவருக்கு

போன வாரம் என் கல்யாணக் கதையை எழுதியிருந்தேன் அல்லவா, அதைப் படித்துவிட்டுத் தளவாய்புரத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "உங்கள் வீட்டுக்காரர் ஓட்டிய லாரி எத்தனை டன் லோடு ஏற்றும்?"

லோடா! அந்த மனுஷன் காலமெல்லாம் லாரி ஓட்டினார். ஒரு மூட்டை ஏற்றியதில்லை.

ஃபாக்டரியில் செய்து முடித்த புது லாரியை, விற்கிற கம்பெனி வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய் விடுவதுதான் அவர் வேலை. விட்டதோடு சரி. அந்த வண்டியை மறுபடி பார்க்க மாட்டார். புது லாரி என்றவுடன் பளபளவென்று பெயின்ட் அடித்து, கண்ணாடிக்கு மாலை போட்டு வருகிற வண்டியை நினைத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் காலத்தில் ஃபாக்டரியிலிருந்து வெளியே வந்தது வெறும் சேஸ். முன்னால் ஒரு மூஞ்சி, அதற்குள் எஞ்சின், பின்னால் நீளமாக இரண்டு இரும்புச் சட்டம், அடியில் சக்கரங்கள். கேபின் கிடையாது. கூரை கிடையாது. எதிர்க்காற்றுக்கு ஒரு கண்ணாடி கிடையாது. வாங்குகிறவர்தான் தச்சரையும் வெல்டரையும் வைத்துப் பாடி கட்டிக்கொள்ள வேண்டும்.

டிரைவருக்கு சீட் என்று ஒன்று வேண்டாமா? ஒரு மரப்பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டி, அதன் மேல் சாக்கை மடித்துப் போட்டிருப்பார்கள். சாய்ந்துகொள்ள ஒன்றுமில்லை. எஞ்சின் சூடு முழங்காலில் அடிக்கும், வெயில் உச்சந்தலையில் அடிக்கும், எதிரே வருகிற லாரி கிளப்பும் புழுதி வாய்க்குள் போகும். மழை வந்தால் நனைய வேண்டியதுதான். புது எஞ்சினை விரட்டவும் கூடாது. மாட்டுவண்டிக்கு அண்ணன் மாதிரி ஊர்ந்து ஊர்ந்து ஊர் ஊராகக் கடந்து கேரளா வரைக்கும் போவார்கள். திரும்பி வருவது பஸ்ஸில். அந்தச் சாக்கையும் கண்ணாடியையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஏறுகிறவரைப் பார்த்துப் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போய்விடுவாராம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகத்தான் ஒவ்வொரு தடவையும் போவார். ஒரு பால்கோவாப் பொட்டலம் வந்ததில்லை. "எதுல வச்சுக் கொண்டாரச் சொல்லுத? வண்டியில ஒரு டப்பா இருக்கா?" என்பார். திரும்பி வருகிற பஸ்ஸில் வைக்க இடமிருந்ததே என்று கேட்டால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார்.

இப்போது காலம் மாறிவிட்டது. நீளநீளமான டிரெய்லரில் புது லாரிகளை ஏற்றி, சங்கிலி போட்டுக் கட்டிக் கொண்டு போகிறார்கள். போன மாதம் அப்படி ஒன்று ராஜபாளையத்துக்குள் வந்து, திரும்ப முடியாமல் ரோட்டையே அடைத்துக்கொண்டது. நாங்கள் போன ஆட்டோ நின்றது. எனக்கு ஆஸ்பத்திரி டோக்கன் போய்விடுமே என்ற கவலை. இவருக்கு வேடிக்கை.

"டிரைவருக்கு ஏசியாம்ல. லாரி லாரி மேல ஏறிப் போகுது பாரு, மகாராசன் கணக்கா."

"அந்த மகாராசனைச் செத்த நகரச் சொல்லுங்க. டோக்கன் போயிரும்" என்றேன். காதில் விழவில்லை. டோக்கன் போயிற்று.

வைகாசியை விட்டால் கார்த்திகை

தெரு அதிர்ந்த அன்றைக்கு அப்பா ஏன் வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதைச் சொல்ல வேண்டும்.

பிறந்த வீட்டில் பிள்ளை பெற்றவளை ஒற்றைப்படை மாதத்தில்தான் புருஷன் வீட்டுக்கு அனுப்புவார்கள். மூன்றாம் மாதம் நாள் குறித்தார்கள். இவர் எங்கோ ஆற்றுப்பாலம் உடைந்து அக்கரையில் வண்டியோடு உட்கார்ந்திருந்தார். போயிற்று. நாலு ஆகாது. ஐந்தாம் மாதம் வைகாசியில் வந்தது. அதை விட்டால் ஆறு ஆகாது. ஏழு, ஆடி. எட்டு ஆகாது. ஒன்பது, புரட்டாசி. பத்து ஆகாது. அப்புறம் கார்த்திகைதான். அதற்குள் பிள்ளை எழுந்து நடந்து தானே பஸ் ஏறி ராஜபாளையம் போய்விடும்.

வைகாசியிலும் அந்த ஒரு நாள்தான் நன்றாக இருந்தது. அப்பா முந்தின வாரமே சொல்லிவிட்டார்: "அன்னைக்கு அவன் வந்து படியில நிக்கணும். நின்னாத்தான் எம் பிள்ளை படி இறங்கும். வரலைன்னா இந்த டிரைவர் சங்காத்தமே வேண்டாம். நீ இங்கேயே இரு."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. என் அக்காளை ஒரு சின்னச் சண்டைக்காக இரண்டு வருஷம் புருஷன் வீட்டுக்கு அனுப்பாமல் வைத்திருந்தவர் அவர்.

எனக்கு ராஜபாளையம் போக வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனுஷனோடு சேர்ந்தாற்போல ஒரு வாரம் இருந்ததில்லை. பிள்ளை பிறந்தபோது இவர் வடக்கே. பதினாறாம் நாள் வந்தார். "கழுத்து நிக்கல, தூக்க வேண்டாம்" என்று என் அம்மா சொல்லிவிட்டாள். எட்ட நின்று பார்த்துவிட்டுப் போனார். பெற்ற பிள்ளையை ஒரு தடவைகூடக் கையில் வாங்காத மனுஷனிடமிருந்து நான் கார்த்திகை வரைக்கும் பிரிந்திருக்க வேண்டுமாம்.

முன்வண்டிச் சட்டம்

அவர் வந்தார். அந்த மட்டுக்கும் நல்லது. ஆனால் அத்தனை வண்டி ஏன் வந்தது?

சேஸ் வண்டிகள் தனியாகப் போகாது. கும்பலாகத்தான் போகும். முன்னால் போகிறவர் லீடர். வண்டிகளின் பேப்பர் எல்லாம் அவர் பையில். பின்னால் வருகிறவர்கள் பல ஊர்க்காரர்கள், வழி தெரியாது. அதனால் அவர்களுக்கு ஒரே சட்டம்: முன்வண்டி போனால் போ, நின்றால் நில், திரும்பினால் திரும்பு. முந்தாதே.

அந்தத் தடவை இவர்தான் லீடர். செங்கோட்டை தாண்டிக் கேரளாவுக்குப் போகிற வழியில் சேத்தூர் இருக்கிறதே, வண்டிகளை மெயின் ரோட்டில் நிறுத்திவிட்டு, தன் வண்டியை மட்டும் உள்ளே கொண்டுவந்து, படியில் நின்று, எங்களை அனுப்பிவிட்டுப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார். ஸ்ரீவில்லிபுத்தூரில் டீ குடிக்கும்போது இரண்டாம் வண்டித் தங்கப்பாண்டியிடம் சொல்லியும் இருக்கிறார். திரும்பும்போது கையை நீட்டி "நீங்க நில்லுங்க" என்று சைகையும் காட்டினாராம். தங்கப்பாண்டி திண்டுக்கல்காரர், வேலைக்குப் புதிது. சைகையைப் பார்த்தார், சட்டத்தையும் நினைத்தார். சட்டமே பெரிதென்று திரும்பிவிட்டார். அவர் திரும்பியதும் மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு திரும்பினார்கள்.

மொத்தம் எட்டு வண்டி. இதை எழுதும்போது தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏழு வண்டிதான்" என்கிறார் இவர். எட்டு. தெருவில் மாட்டிக்கொண்டு நின்றவள் நான்.

எங்கள் தெரு மெயின் ரோட்டில் பிரிந்து நேரே போய் வாய்க்காலில் முட்டி நிற்கும். அடுத்த வழி கிடையாது. எங்கள் வீடு கடைசிக்கு முந்தினது. மாமியார் கொண்டுவந்த கார் வீட்டைத் தாண்டி வாய்க்கால் ஓரமாக நின்றது. எட்டு வண்டியும் வந்து நின்றபோது தெருவில் ஆட்டுக்குட்டி போகத்தான் இடமிருந்தது.

பக்கத்து வீட்டு அம்மா வெளியே வந்து, "அய்யோ தேவுடா!" என்று கதவைச் சாத்திக்கொண்டார். கோபம் வந்தால்தான் அவருக்குத் தெலுங்கு வரும்.

படி இறங்கினேன், அப்புறம்?

இவர் குதித்து ஓடிவந்து படியருகே நின்றார். மூச்சு வாங்கியது. அப்பா வாட்சைப் பார்த்தார். நேரம் இருந்தது. மறுக்க வழியில்லை. "இறங்கு" என்றார்.

வலது காலை வைத்து இறங்கினேன். சூடம் காட்டினார்கள். பூசணிக்காய் உடைத்தார்கள். எல்லாம் ஆயிற்று. அப்புறம்தான் எல்லோருக்கும் உறைத்தது. கார் வெளியே போக முடியாது. இறங்கின படியில் நான் திரும்ப ஏறக் கூடாது. உள்ளேயும் போக முடியாமல் ஊருக்கும் போக முடியாமல், பிள்ளையோடு வெயிலில் நடுத்தெருவில் நின்றேன்.

"பின்னால எடுக்கச் சொல்லுங்க" என்றேன் இவரிடம்.

இவர் திரும்பிப் பார்த்தார். வண்டிகளின் மேல் ஒருவரும் இல்லை.

லீடர் வீட்டு வாசலில் வண்டி நின்றால் லீடர் வீட்டில் சாப்பாடு. இது அவர்கள் தொழிலில் எழுதாத வழக்கமாம். எனக்கு யார் சொன்னார்கள்? பாதிப் பேர் வாய்க்காலில் இறங்கி முகம் கழுவிக்கொண்டிருந்தார்கள். மீதிப் பேர் எங்கள் வீட்டு முற்றத்தில் வரிசையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். கண்ணாடி போட்டிருந்த இடம் மட்டும் வெளுத்து, மற்ற முகமெல்லாம் கருகி, அத்தனை பேரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் மாதிரி இருந்தார்கள்.

"அம்மா, தோசைன்னாக்கூடப் போதும்" என்றார் தங்கப்பாண்டி.

வாசலுக்கு வந்து உட்கார்ந்தவர்களை எழுந்திரு என்று சொல்லுகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அம்மா அடுப்பைப் பற்ற வைத்தாள். ஆளுக்கு இரண்டு தோசை என்றாலும் கணக்குப் பாருங்கள். பிள்ளை வீறிட்டு அழுதது. மாமியார் முந்தானையால் பிள்ளைக்கு விசிறினார். அப்பாவுக்குக் கழுத்து நரம்பு புடைத்துவிட்டது.

"ஏலே! பொண்டாட்டி பிள்ளையக் கூப்பிட வந்தியா, பந்தி வைக்க வந்தியா? ஒரு வண்டி ஓட்டத் துப்பிருக்கா? கூரை இல்லாத வண்டிக்காரனுக்கு எம் பிள்ளையக் கட்டிக் குடுத்தேன் பாரு, என்னையச் சொல்லணும்!"

இவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தோசைக்காரர்களையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக வந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தோசைக்காரர்களையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பீச்சே, பீச்சே

ஒருவழியாகத் தோசை முடிந்தது. இனி எட்டு வண்டியும் பின்னாலேயே போய் மெயின் ரோட்டில் ஏற வேண்டும். இவர் வண்டிதான் ஆக உள்ளே இருந்தது. கடைசி வண்டிக்காரரைப் போய் எடுக்கச் சொன்னால், "லீடர் முன்னால போகாம நான் எப்படிப் போறது?" என்றார். இப்படிப்பட்டவர்களிடம் பேசி வென்றவர் உண்டா?

அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். "பீச்சே! பீச்சே! பின்னால போலே! ரைட் காட்டு! ஒடி! ஏலே ஒடிக்கச் சொன்னா ஒடிக்கணும்!" பட்டாளத்து இந்தியும் சேத்தூர்த் தமிழும் கலந்து கிளம்பின. ஒரு வண்டி ரோடேறியது. இன்னொன்று ஏறியது. பாரமில்லாத வண்டியின் பின்பக்கம் குழியில் விழுந்தால் முயல்குட்டி மாதிரி குதிக்கும். ஒரு வீட்டின் படிக்கல் பெயர்ந்தது. ஒரு முருங்கைக் கிளை போயிற்று.

தங்கப்பாண்டியின் முறை வந்தது. அவர் பயத்தில் வண்டியைச் சுவருக்குக் குறுக்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டார். "இறங்குலே" என்று சொல்லிவிட்டு அப்பாவே ஏறி அந்த மரப்பெட்டியில் உட்கார்ந்தார்.

உட்கார்ந்தவர் விருட்டென்று எழுந்தார். வெயிலில் கிடந்த சாக்கும் பெட்டியும் அடுப்புக்கல்லாகக் கொதித்திருக்கின்றன. துண்டைப் போட்டு மறுபடி உட்கார்ந்தார். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இழுத்தார். எஞ்சின் காற்று வேட்டிக்குள் அடித்தது. அந்த ஒரு வண்டியைத் தெருவிலிருந்து வெளியே கொண்டுபோய் நிறுத்துவதற்குள் சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது.

நான் அதற்குள் பொறுமை இழந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, மாமியாரையும் இழுத்துக்கொண்டு ஓரமாகவே நடந்து மெயின் ரோட்டுக்கு வந்துவிட்டேன். பஸ்ஸிலாவது போகிறேன் என்று. அப்பா வண்டியை விட்டு இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றார். கையிரண்டையும் பார்த்துக்கொண்டார்.

"ஏட்டி, இதுலயா அம்புட்டுத் தூரமும் உக்காந்து வாரான்?"

"ஆமா."

"எனக்குப் பட்டாளத்துல கேபின் இருந்துச்சு" என்றார்.

ராஜபாளையம் போகிற பஸ் வந்தது. முன்னமே ரோடேறிய சேஸ் ஒன்று குறுக்கே திரும்பிக்கொண்டிருந்ததால் அப்பாவே துண்டை வீசி பஸ்ஸை நிறுத்தினார். மாமியார் பெட்டியோடு ஏறினார். நான் பின்படிக்கட்டில் காலை வைத்தபோது, தெருவுக்குள்ளிருந்து இவர் ஓடி வந்தார்.

வந்தவர் படிக்கட்டுக்குக் கீழே நின்றார். பிள்ளையைப் பார்த்தார். பிள்ளை அவரைப் பார்த்தது. அந்த முகத்தைப் பார்த்தால் யாருக்கும் அழுகை வரும். ஏனோ அது அழவில்லை.

"கேரளாவுல விட்டுட்டு நேரா வீட்டுக்கு வாரேன்" என்றார்.

புருஷன் வீட்டுக்குப் போகிறேன் என்று நாள் பார்த்து, நேரம் பார்த்து, பூசணிக்காய் உடைத்துக் கிளம்பி, புருஷனைத் தெற்கே அனுப்பிவிட்டு நான் வடக்கே போகிறேன். அழுவதா சிரிப்பதா? எனக்குக் கோபம்தான் வந்தது. காலையிலிருந்து சேர்த்து வைத்த அத்தனை கோபமும் வந்தது.

"பிடிங்க இவளை" என்றேன்.

"கையெல்லாம் கிரீஸு."

"இருக்கட்டும். பிடிங்க!"

பிடித்தார். கண்ணாடிப் பாத்திரத்தை வாங்குவது போல முழங்கையை விரித்து வாங்கினார். பிள்ளையின் வெள்ளைச் சட்டையில் அவர் விரல் பட்ட இடமெல்லாம் கருப்பாயிற்று. பிள்ளை அவர் மூக்கைப் பிடித்தது. அவருக்கு உதடு கோணியது. அந்த மனுஷன் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கண்டக்டர் விசிலை ஊதினார். பஸ்ஸுக்குள்ளிருந்து ஆளாளுக்குக் கத்தினார்கள். "யோவ், பிள்ளையக் குடுத்துட்டுப் போய்யா!" "நேரமாவுதுல்லா!" பின்னால் இரண்டு லாரி ஹாரன் அடித்தது. இவர் காதில் எதுவும் ஏறவில்லை. கண்டக்டர் மறுபடி விசிலை வாய்க்குக் கொண்டு போனார்.

அப்பா போய்க் கண்டக்டர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"செத்த பொறுங்க தம்பி. எங்க மாப்பிள்ளை இன்னைக்குத்தான் பிள்ளையத் தூக்குதாரு."

கண்டக்டர் பொறுத்தார்.